தரவுக் கிடங்கைப் பராமரிக்க எந்த வழி? தென்காசி–புனலூர் பாதையில் ஒரு மொத்த வியாபாரத்தை வைத்து ஒப்பீடு

தென்காசியில் குடோன். செங்கோட்டை, புனலூர், கொல்லத்தில் கிளைகள். நான்கு இடத்திலும் தனித்தனி டேலி (கணக்கு மென்பொருள்). இரவில் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, எந்தச் சரக்கு எந்த லைனில் (விற்பனைப் பாதையில்) எவ்வளவு போனது, யார் பாக்கி, ஓணத்துக்கு எவ்வளவு ஸ்டாக் ஏற்ற வேண்டும் என்று பார்க்க ஒரு தரவுக் கிடங்கு. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வியாபாரம் செய்கிற ஒரு மளிகை மொத்தக் கடையை இப்படி வைத்துக்கொண்டு பேசுவோம். பெயர் வேண்டாம், அமைப்புதான் முக்கியம்.

கட்டிய முதல் வருஷம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டாவது வருஷத்தில் முதலாளி ஒருநாள் கேட்பார்: “ஏலே, டேலில ஒரு கணக்கு காட்டுது, உன் திரையில வேற கணக்கு காட்டுது. எதை நம்ப?” அந்தக் கேள்வி இரண்டு முறை வந்துவிட்டால் மறுபடி எல்லாரும் எக்ஸெலுக்குத் திரும்பிவிடுவார்கள். கிடங்கு ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது.

அப்போது எழும் முதல் யோசனை “கிளவுடுக்குப் போயிடலாமா?” என்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தரவை எப்படி ஏற்றுகிறோம். அடுத்து எந்தப் பழைய நிலையைக் காப்பாற்றுகிறோம். அதற்குப் பிறகுதான் எங்கே வைப்பது, யார் பார்ப்பது. முதல் இரண்டில் தவறு இருந்தால் எந்தக் கிளவுடுக்குப் போனாலும் அதே தவறு கூடுதல் வாடகையோடு தொடரும்.

அளவையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. நான்கு இடமும் சேர்த்து நாளுக்கு 6,000 பில் வரி (பில்லில் ஒரு சரக்குக்கு ஒரு வரி), வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 18 லட்சம் வரி. கம்பெனிச் சட்டப்படி கணக்குகளை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். அதையே அளவாக வைத்தால் 1.44 கோடி வரி. வரிக்கு 150 பைட் என்று போட்டால் சுமார் 2.2 ஜிபி, இண்டெக்ஸ் சேர்த்தால் 4 ஜிபி. 16 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரண மெஷினின் நினைவகத்திலேயே மொத்தமும் அடங்கிவிடும். ‘பிக் டேட்டா’ என்று யாராவது விலைப்பட்டியல் நீட்டினால் இந்தக் கணக்கை முதலில் காட்டுங்கள்.

ஏற்றும் முறை: மூன்று வழிகள்

முதல் வழி, தினமும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முழுதாக ஏற்றுவது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு; அது தவறு. 1.44 கோடி வரியை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ‘காப்பி’ கட்டளையால் ஏற்றுவது எஸ்எஸ்டி டிஸ்கில் சில நிமிட வேலை. பழைய பில்லைத் திருத்தினாலும் நீக்கினாலும் மறுநாள் காலையில் சரியாக வந்துவிடும். சிக்கல் கிடங்கில் இல்லை, டேலி பக்கம் இருக்கிறது. ஒரு வருஷ வவுச்சரை (பில், ரசீது போன்ற பதிவுகளை) ஒரே எக்ஸ்எம்எல் கோரிக்கையாகக் கேட்டால் டேலி அதைத் தயாரித்து முடிக்கும்வரை அந்த மெஷினில் வேறு வேலை நடக்காது. ராத்திரி ஆரம்பித்த ஏற்றுமதி காலை 9 மணிக்கு முடியவில்லையென்றால் கவுண்டரில் பில் போட முடியாது. அதன்பிறகு அக்கவுண்டன்ட் செய்கிற முதல் காரியம் டேலியிலிருந்து நீங்கள் தரவு எடுக்கும் 9000 போர்ட்டை மூடுவதுதான்.

இரண்டாவது வழி, மாறியதை மட்டும் எடுப்பது. டேலியில் ஒவ்வொரு வவுச்சருக்கும் ‘மாஸ்டர் ஐடி’, ‘ஆல்டர் ஐடி’ என்று இரண்டு எண் உண்டு. புதிதாகப் போட்டாலும் பழையதைத் திருத்தினாலும் ஆல்டர் ஐடி ஏறும். ஆகவே கடைசியாகப் பார்த்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு மேல் உள்ளதை மட்டும் கேட்டால் போதும். வேகம் அபாரம், சில நொடிகளில் முடியும். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, இரண்டும் சத்தமில்லாதவை.

ஒன்று, நீக்கப்பட்ட வவுச்சர். அது டேலியில் இல்லாததால் எந்த ஆல்டர் ஐடியோடும் வந்து நிற்காது. கிடங்கில் மட்டும் அந்த பில் உயிரோடு இருக்கும், விற்பனை கூடுதலாகத் தெரியும். இன்னொன்று, பேக்கப்பிலிருந்து மீட்டெடுப்பது. கரன்ட் போய் டேட்டா கெட்டு, முந்தாநாள் பேக்கப்பை மீட்டால் ஆல்டர் ஐடியும் பின்னுக்குப் போய்விடும். நீங்கள் குறித்த எண் 4,82,000. மீட்டபின் டேலி 4,79,000-லிருந்து எண்ணத் தொடங்குகிறது. அது மறுபடி 4,82,000-ஐத் தாண்டும்வரை போடுகிற எதுவும் உங்கள் கிடங்குக்கு வராது. பிழைச் செய்தியும் வராது. ‘புதிதாக எதுவும் இல்லை, வெற்றி’ என்றுதான் லாக் சொல்லும்.

மூன்றாவது வழி, நகரும் ஜன்னல். நடப்பு மாதத்தையும் முந்தைய மாதத்தையும் தினமும் முழுதாக அழித்து ஏற்றுவது. அதற்கு முந்தைய மாதங்களை ஏற்றுவதில்லை, சரிபார்ப்பது மட்டும். சரிபார்ப்பு இப்படி: ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் டேலியிடம் மூன்று எண் மட்டும் கேட்கவேண்டும். வவுச்சர் எண்ணிக்கை, மொத்தத் தொகை, அந்த மாத வவுச்சர்களில் ஆகப்பெரிய ஆல்டர் ஐடி. ஒரு சிறு டிடிஎல் (டேலிக்கான நிரல்) எழுதினால் டேலியே இதைக் கூட்டித் தந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு, நான்கு கிளைக்கு, மொத்தம் 96 வரிதான். இந்த 96-ஐக் கிடங்கில் உள்ள தரவிலிருந்து அதேபோல் கூட்டிய 96-உடன் ஒப்பிட வேண்டும். எந்த வரி ஒத்துப்போகவில்லையோ அந்த மாதத்தை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.

மூன்று எண்ணும் ஏன் வேண்டும்? பில்லை நீக்கினால் எண்ணிக்கை குறையும். தொகை மாறாமல் பார்ட்டி பெயரை மட்டும் மாற்றினால் எண்ணிக்கையும் தொகையும் அப்படியே இருக்கும், ஆல்டர் ஐடி காட்டிக்கொடுக்கும். பேக்கப்பை மீட்டால் அதே எண் பின்னுக்கு வந்திருக்கும். தொகையை மட்டும் பார்த்துச் சரி என்று டிக் போடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது, அதனால்தான் பார்ட்டிவாரி பாக்கி மட்டும் ஒத்துவராமல் நிற்கும்.

நம் தேர்வு இந்த மூன்றாவது. ஜிஎஸ்டி நடைமுறையும் இதற்குச் சாதகம்: ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் அடுத்த மாதம் 11-ஆம் தேதி, 3பி ரிட்டர்ன் 20-ஆம் தேதி என்பதால் திருத்தங்களில் பெரும்பகுதி முந்தைய மாதத்திலேயே விழும். ஒரு நிதியாண்டு பில்லுக்கான கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்ட அடுத்த நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. ஆகவே ஆடிட் முடிந்ததும் ஒருமுறை, டிசம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை, முந்தைய நிதியாண்டை முழுதாக மறுபடி ஏற்றிவிடுங்கள். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு, நாள்வாரியாகக் கோரிக்கையைப் பிரித்துப் போட்டால் டேலி திணறாது.

எந்த வழியானாலும் டேலியிலிருந்து வந்த எக்ஸ்எம்எல் கோப்பை அப்படியே சுருக்கி, தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அதைத் திருத்தக்கூடாது, அழிக்கக்கூடாது. பிறகு எந்தக் கணக்கில் தவறு கண்டாலும் டேலியைத் தொந்தரவு செய்யாமல் இங்கிருந்தே கிடங்கைத் திரும்பக் கட்டலாம்.

எந்தப் பழைய நிலையைக் காப்பது

இங்கேதான் எல்லையோர வியாபாரத்துக்கு மற்றவர்களைவிட வேலை அதிகம். ஒரு விவரம் மாறினால் பழையதன் மேல் எழுதிவிடலாம் (இதை முதல் வகை என்பார்கள்), அல்லது தேதியோடு புது வரி போட்டுப் பழையதையும் வைத்திருக்கலாம் (இரண்டாம் வகை), அல்லது ‘பழைய மதிப்பு’ என்று பக்கத்தில் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்க்கலாம் (மூன்றாம் வகை). பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் இரண்டாம் வகையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். ஃபோன் நம்பர் மாறியதற்கெல்லாம் புது வரி விழுந்தால் 900 பார்ட்டி 9,000 வரியாகும், அட்டவணைகளைச் சேர்க்கும் ஒவ்வொரு இணைப்பிலும் தேதி நிபந்தனை எழுத வேண்டிவரும், ஒருவர் மறப்பார்.

மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. செங்கோட்டைக் கடைக்கு அன்று இரண்டாம் வகையில் புது வரி போட்டால், ‘தென்காசி மாவட்ட விற்பனை’ அறிக்கையில் அந்தத் தேதிக்கு முன் எதுவும் இருக்காது. திருநெல்வேலி விற்பனை திடீரென விழுந்ததுபோல் தெரியும். கடையும் நகரவில்லை, வியாபாரமும் விழவில்லை. ஆகவே மாவட்டத்துக்கு மேலெழுதுவதுதான் சரி, பக்கத்தில் ‘பழைய மாவட்டம்’ என்று ஒரு பத்தி போதும். ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர் பக்கம் வியாபாரம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான்: 2022 ஏப்ரல் 4 முதல் அங்கே 13 மாவட்டம் 26 ஆனது.

சேல்ஸ்மேன் லைன் நேர்மாறு. ஆரியங்காவு, தென்மலை லைனை ஜூலையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றினால், ஜூன் வரைக்குமான விற்பனையும் இன்சென்டிவும் பழையவருக்குத்தான் சேர வேண்டும். மேலெழுதினால் அவருடைய உழைப்பு ஒரே ராத்திரியில் அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும், சண்டை வரும். கடன் வரம்பு, விலைப் பட்டியல் வகை இரண்டும் இதே இனம். நடைமுறையில் இப்படி நான்கைந்து பத்திகளுக்கு மேல் இரண்டாம் வகை தேவைப்படுவதில்லை.

இரண்டாம் வகையில் எல்லோரும் தடுமாறுகிற இடம் தேதியின் ஓரம். பழைய வரி ‘ஜூலை 1 வரை’, புது வரி ‘ஜூலை 1 முதல்’ என்று இருந்து, இணைப்பில் இரு பக்கமும் ‘உட்பட’ என்று எழுதினால் ஜூலை 1-ஆம் தேதி பில் ஒவ்வொன்றும் இரண்டு வரியிலும் ஒட்டிக்கொள்ளும், அன்றைய விற்பனை இரட்டிப்பாகும். தொடக்கத் தேதி உட்பட, முடிவுத் தேதி நீங்கலாக என்று ஒரே விதி வையுங்கள். நடப்பு வரியின் முடிவை வெற்றாக விடாமல் 9999-12-31 என்று போடுங்கள். ஒரே பார்ட்டிக்கு இரண்டு நடப்பு வரி இருக்கிறதா என்று தினமும் ஒரு சோதனை ஓட வேண்டும்.

வரி (டாக்ஸ்) விகிதத்துக்கு இந்த மூன்று வகையுமே வேண்டாம். அது பில் வரியிலேயே இருக்க வேண்டும், பொருள் பட்டியலிலிருந்து எட்டிப்பார்த்து எடுக்கக்கூடாது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை கேரளத்தில் வெள்ள செஸ் 1 சதவீதம் இருந்தது. அதுவும் பதிவில்லாத வாடிக்கையாளருக்கான விற்பனையில், 5 சதவீதப் பொருளுக்கு இல்லாமல், 12, 18, 28 சதவீதப் பொருளுக்கு மட்டும். ஆக ஒரே சோப்பு, செங்கோட்டைக் கிளையில் ஒரு வரி, புனலூர்க் கிளையில் கவுண்டர் விற்பனைக்கு இன்னொரு வரி. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பொருள் பட்டியலில் விகிதத்தை வைத்திருந்தவர்களுக்கு, அதை மாற்றிய நிமிடத்தில் எட்டு வருஷத்து வரிக் கணக்கும் மாறியிருக்கும்.

காலண்டர் அட்டவணையிலும் கவனம் வேண்டும். திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5. ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட்டால் 2024-இல் கொல்லம் கிளை படுத்துவிட்டதாகத் தெரியும். தேதி அட்டவணையில் ‘ஓணத்துக்கு எத்தனை நாள் முன்’ என்று ஒரு பத்தி போடுங்கள், தீபாவளிக்கும் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்கூட்டியே நிரப்பிவைத்தால் ஜனவரியில் தேட வேண்டாம். இந்த அட்டவணையை நிரப்ப மறந்து, புத்தாண்டு முதல் தேதியில் எல்லா அறிக்கையும் காலியாக வருவது இன்றும் நடக்கிறது.

பெயரும் எண்ணும்

ஒரே வியாபாரி புனலூரிலும் செங்கோட்டையிலும் கடை வைத்திருந்தால் இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கும்: ஒன்று 32 என்று தொடங்கும், மற்றது 33. பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை பான். அந்தப் பத்து எழுத்தை வைத்து இருவரையும் ஒரே ஆளாகக் கோர்க்கலாம், பாக்கியை மொத்தமாகப் பார்க்கலாம். பதிவில்லாத சின்னக் கடைகளுக்குப் பெயர்தான் கதி, அங்கே மலையாளப் பெயர்கள் ஒரு பொறி. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (புள்ளி வைத்த மெய்க்கு அங்கே உள்ள தனி எழுத்துகள்) 2008-இல் யூனிகோட் 5.1-இல் தனிக் குறியீடு வந்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக எழுதினார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது) செய்தாலும் இவை ஒன்றாகாது. பழைய வடிவத்தைப் புதியதாக மாற்ற ஆறேழு வரி விதி நீங்களே எழுத வேண்டும். தமிழில் ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதிய ‘கொ’ பிரச்சினை மட்டும் நார்மலைசேஷனிலேயே தீரும்.

ஹெச்எஸ்என் குறியீட்டை (ஜிஎஸ்டியில் சரக்கு வகைக்கான எண்) எண்ணாக ஏற்றக்கூடாது, எழுத்தாகத்தான். மிளகு 0904, ஏலக்காய் 0908, தேங்காயும் முந்திரியும் 0801. இடையில் யாராவது எக்ஸெலில் திறந்து சேமித்தால் முன் பூஜ்யம் பறந்து 904, 908, 801 ஆகிவிடும். பிறகு பொருள் பட்டியலோடு ஒட்டாது, அந்த வரிகள் அறிக்கையிலிருந்து மறையும். கூட்டுத்தொகை குறையும், ஏன் என்று தெரியாது. 2021 ஏப்ரல் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஆறு இலக்கம் எழுத வேண்டியிருப்பதால் பழைய பில்லில் நான்கு, புதியதில் ஆறு இருக்கும். தொகுக்கும்போது முதல் நான்கை வைத்துத் தொகுங்கள். பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் அந்த வரியை விட்டுவிடாமல் ‘தெரியாதது’ என்று ஒரு பெட்டியில் விழச் செய்யுங்கள். அந்தப் பெட்டியில் தொகை ஏறுவதே உங்களுக்கு எச்சரிக்கை.

எங்கே வைப்பது: சொந்த போஸ்ட்கிரெஸா, பிக்குவெரியா

இந்த அளவுக்குச் சொந்த மெஷினில் போஸ்ட்கிரெஸ் தாராளம். ஆனால் அதற்கு வேலை உண்டு, அந்த வேலையைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரியை அழித்தாலும் திருத்தினாலும் பழைய வரி உடனே போகாது. செத்த வரியாக டிஸ்கில் கிடக்கும். அதைக் கூட்டித்தள்ளுவது ஆட்டோவாக்யூம். அதன் இயல்பான அளவு, அட்டவணையில் 20 சதவீதமும் 50 வரியும் செத்தால்தான் எழும். நம் 1.44 கோடி வரியில் 20 சதவீதம் என்றால் 28.8 லட்சம். தினமும் இரண்டு மாத ஜன்னலை ‘டெலீட்’ செய்து ஏற்றினால் ராத்திரிக்குச் சுமார் 2.5 லட்சம் வரி சாகும். அதாவது பதினொரு, பன்னிரண்டு ராத்திரிக்கு ஒருமுறைதான் இந்தத் துப்புரவு நடக்கும். அதுவரை அறிக்கை மெதுவாகிக்கொண்டே போகும், பிறகு ஒருநாள் திடீரென வேகமாகும். காரணம் புரியாமல் ரேம் வாங்கிப் போடுவார்கள்.

இதற்கு இரண்டு மருந்து. அந்த அட்டவணைக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை 0.2-லிருந்து 0.01 ஆக்குவது எளிது. அதைவிடச் சிறந்தது, மாதவாரியாகப் பார்ட்டிஷன் போடுவது (ஒரே அட்டவணையை உள்ளே தனித்தனித் துண்டுகளாகப் பிரிப்பது). ஒரு மாதத்தை மறுபடி ஏற்ற அந்தப் பார்ட்டிஷனை ‘டிரங்கேட்’ செய்து (ஒரேயடியாகக் காலி செய்து), அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஏற்றி முடித்துவிடலாம். செத்த வரியே விழாது. நடுவில் அறுந்தால் பழைய தரவு அப்படியே திரும்பும். டிரங்கேட் அந்தப் பார்ட்டிஷனை முழுதாகப் பூட்டும் என்பதால் ராத்திரி 2 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் போட்டபின் பலர் மறக்கிற ஒன்று: தாய் அட்டவணையின் புள்ளிவிவரத்தை (எந்த வழியில் தேடுவது என்று முடிவுசெய்ய போஸ்ட்கிரெஸ் பார்க்கும் குறிப்பு) ஆட்டோவாக்யூம் புதுப்பிக்காது. ஏற்றி முடித்ததும் ‘அனலைஸ்’ கட்டளையை நீங்களே ஓட்ட வேண்டும். ‘வாக்யூம் ஃபுல்’ என்பதை வாராவாரம் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அட்டவணையைப் பூட்டிவிட்டு இன்னொரு பிரதி எழுதுகிறது, அவ்வளவு இடமும் டிஸ்கில் காலியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டும் செய்தவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஒரு பெரிய பதிப்புக்கு ஆதரவு ஐந்து வருஷம்தான். 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரோடு முடிந்தது. மேம்படுத்தியதும், 18-க்கு முந்தைய பதிப்புகளில் புள்ளிவிவரம் கூட வராது, உடனே அனலைஸ் ஓட்டாவிட்டால் முதல்நாள் எல்லாம் ஆமை வேகம். லினக்ஸையும் சேர்த்து மாற்றினால் எழுத்து வரிசை விதி மாறியிருக்கக்கூடும், பெயர்ப் பத்திகளின் இண்டெக்ஸை மறுபடி கட்டிவிடுங்கள்.

கூகுளின் கிளவுட் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வாக்யூம் இல்லை, பதிப்பு மேம்படுத்தல் இல்லை, மும்பை மண்டலத்திலேயே வைக்கலாம், ஏழு நாள் பின்னோக்கிப் பார்த்து அழித்ததை மீட்கலாம். மாதம் 1 டெராபைட் வரை வினவல் (தரவிடம் கேட்கும் கேள்வி) இலவசம். அங்கே பராமரிப்பு என்பது பணத்தைப் பராமரிப்பதுதான். கட்டணம் எத்தனை வரி வந்தது என்பதற்கு இல்லை, எத்தனை பைட் படித்தது என்பதற்கு. ‘பத்து வரி மட்டும் காட்டு’ என்று லிமிட் போட்டாலும், சாதாரண அட்டவணையில் படிப்பது முழுப் பத்தியையும்தான்.

கணக்கிட்டுப் பாருங்கள். 12 கட்டம் உள்ள ஒரு டாஷ்போர்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள்: 12,480 வினவல். ஒவ்வொன்றும் அரை ஜிபி படித்தால் 6,240 ஜிபி. இலவச அளவைப் போல ஆறு மடங்கு. அட்டவணை மாறாமல் இருந்தால் அதே வினவலுக்கு 24 மணி நேரம் கேஷிலிருந்து (தற்காலிகச் சேமிப்பிலிருந்து) கட்டணமின்றிப் பதில் வரும்; ஆனால் ‘லைவாக வேண்டும்’ என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றினால் கேஷ் செல்லாது. ராத்திரி ஒருமுறை சுருக்க அட்டவணை கட்டி டாஷ்போர்டை அதன் மேல் ஓட்டினால், ஒரு வினவலுக்குக் குறைந்தபட்சக் கணக்கான 10 எம்பி வீதம் 125 ஜிபிக்குள் முடியும். மளிகை மொத்த வியாபாரத்தில் காலை 8 மணிக்கு நேற்றைய நிலவரம் தெரிந்தால் போதும். லைவ் என்பது பெரும்பாலும் ஆசைதான், அவசியம் இல்லை. பார்ட்டிஷன் நிபந்தனை இல்லாத வினவலை மறுக்கும்படி அட்டவணையிலேயே அமைக்கலாம், நாள் உச்சவரம்பும் வைக்கலாம். இரண்டையும் முதல் நாளே செய்யுங்கள், பில் வந்தபிறகு அல்ல.

ஸ்னோஃப்ளேக் என்ற இன்னொரு கிளவுட் கிடங்கும் நல்ல பொருள்தான், ஆனால் அது ஓடும் நேரத்துக்குக் கட்டணம், ஒவ்வொரு முறை எழும்போதும் குறைந்தது 60 நொடி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பும் டாஷ்போர்டுக்கும் இந்த அளவு தரவுக்கும் பொருந்தாது.

நம் தீர்ப்பு: அலுவலகத்தில் லினக்ஸ் தெரிந்த ஒருவர் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியுமென்றால் போஸ்ட்கிரெஸ். முடியாதென்றால் பிக்குவெரியும் சுருக்க அட்டவணையும். இரண்டுக்கும் நடுவில், சொந்த மெஷின் இருந்தும் பார்க்க ஆளில்லாத நிலைதான் ஆக மோசம்.

சொந்த மெஷின் என்றால் குற்றாலச் சாரல் காலத்து கரன்ட்டையும் கணக்கில் எடுங்கள். யுபிஎஸ் கட்டாயம். அதைவிட, யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் மெஷின் தானாக அணையும்படி அந்தக் கேபிளை இணைத்து அமைப்பது கட்டாயம். பேக்கப் ஒன்று அதே அறையில், ஒன்று வேறு கிளையில், ஒன்று கிளவுடில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மெஷினில் மீட்டு, அந்த 96 வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

யார் பார்ப்பது

வெளியாளுக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுப்பதில் தவறில்லை. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை நான்கு: மூலக் கோப்புகளும் ஏற்றும் நிரலும் உங்கள் கணக்கில் இருக்கும், அட்மின் கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்கும், காலாண்டு மீட்புச் சோதனையை அவர்கள் செய்து எண்களைக் காட்டுவார்கள், டேலியில் புது வவுச்சர் வகையோ புது லெட்ஜர் குரூப்போ உருவானால் எத்தனை நாளில் சேர்ப்பார்கள். கடைசியதுதான் சண்டைக்கு மூலம். ‘சேல்ஸ்’ என்ற வகையை மட்டும் எடுக்கும்படி எழுதியிருப்பார்கள். கொல்லம் கிளையில் ஒருவர் ‘சேல்ஸ் பி2சி’ என்று புதிதாக ஒன்றை உருவாக்குவார். அந்தக் கிளையின் கவுண்டர் விற்பனை முழுதும் வராது. பெயரைப் பார்க்காமல், டேலியில் அதன் தாய் வகை ‘சேல்ஸ்’ஆ என்று பார்த்து எடுக்கும்படி எழுதச் சொல்லுங்கள். அந்த 96 வரிச் சரிபார்ப்பையும் அதே விதியில் எழுத வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்து ‘ஒத்துப்போகிறது’ என்று காட்டும்.

சொந்த ஆள் என்றால் அவர் லீவில் இருக்கும் நாளுக்கு ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு அறிக்கையின் மேலும் ‘கடைசியாக ஏற்றிய நேரம்’ என்று கிளைவாரியாக ஒரு வரி இருக்கட்டும். 26 மணி நேரத்தைத் தாண்டினால் சிவப்பாகட்டும். வேலை தோற்றால் மெசேஜ் வருவது போதாது. வேலை ஓடவே இல்லையென்றால் தோல்விச் செய்தியும் வராது.

இந்தத் தேர்வுகள் மாறும் இடங்கள் இரண்டு. கிளை ஐந்தாறு கூடி, டேலியை விட்டு ஒரே சர்வரில் ஓடும் ஈஆர்பிக்கு (எல்லாக் கிளைக்கும் பொதுவான நிர்வாக மென்பொருள்) போனால், நகரும் ஜன்னலுக்குப் பதில் அந்த டேட்டாபேஸின் லாக்கிலிருந்து மாற்றங்களை எடுக்கலாம். நீக்கியதும் அதில் வந்துவிடும். இரண்டாவது, சில்லறைக் கவுண்டர்கள் சேர்ந்து நாளுக்கு 6,000 வரி மூன்று லட்சமானால் வருஷத்துக்கு 9 கோடி. அப்போது பிக்குவெரி பக்கம் தட்டு சாயும். நகரும்போது மூலக் கோப்பு ஃபோல்டரிலிருந்து எட்டு வருஷத்தையும் புதிய இடத்தில் ஏற்றி, ஒரு முழு ஜிஎஸ்டி மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். 20-ஆம் தேதி 3பி போட்டு முடித்து எண்கள் ஒத்துப்போனபின் பழைய மெஷினை அணைக்கலாம்.